முப்பதாவது படிவம்

சின்னமனூரிலிருந்து மேகமலை எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறேன். ஏழாவது வரை படித்தேன். என் மனைவி பன்னிரண்டாவது முடித்தவள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் தபால் வழியில் உளவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மூன்றாம் வருஷம் ஒரு ஆய்வேடு எழுதிக் கொடுக்க வேண்டும். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களின் பயமும் தூக்கமும் என்று தலைப்பு வைத்தாள். வீட்டிலேயே ஒரு டிரைவர் இருக்கிறான், மற்றவர்களையும் பிடித்துவிடலாம் என்று நினைத்திருப்பாள். முப்பது டிரைவர்களிடம் படிவம் நிரப்பி வாங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வழிகாட்டி மேடம் கையெழுத்துப் போட மாட்டார்.

படிவத்தில் இருபத்தைந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். ஒருபோதும் இல்லை என்றால் முதல் கட்டம், எப்போதும் என்றால் ஐந்தாவது. பெயர் எழுத வேண்டாம். படிவக் கட்டை வாங்கிக்கொண்டு ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். எஸ்டேட்டுக்குப் போகிற ஆட்கள் வண்டிகளில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

“என்ன மாப்ள, எங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கான்னு பாக்கவா?” என்றான் ஒருவன். ஸ்டாண்டில் எதற்கும் கேலி பேசுகிறவன் அவன்தான்.

“உனக்குத் தாள் எதுக்கு? மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது” என்றான் பக்கத்தில் நின்றவன்.

எங்களில் மூத்த டிரைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பானட்டில் தாளை வைத்துச் சத்தமாக வாசித்தார். வளைவில் எதிரே வண்டி வந்தால் நெஞ்சு படபடக்கிறதா என்று முதல் கேள்வி. சீட்டில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவரும் அவர்களைப் பார்த்தார்.

“ஒருபோதும் இல்லைன்னு போடுங்கப்பா” என்றார்.

போட்டோம். இரண்டாவதுக்கும் அதையே சொன்னார். மூன்றாவதை வாசிக்கவில்லை.

“முதல் கட்டத்துலயே வரிசையா டிக் அடிங்கலே. பயப்படுறவன் வண்டியில எவன் ஏறுவான்?” என்று குரலை இறக்கிச் சொன்னார்.

கால் மணி நேரத்தில் முப்பதும் முடிந்தது. மலைக்கு மேலே போயிருந்தவர்களுக்கும் கீழே இருந்தவர்களே அடித்துக் கொடுத்தார்கள். நானும் என்னுடையதை அப்படித்தான் அடித்தேன்.

வீட்டில் நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் லேப்டாப்பில் ஏற்றினாள். அவள் தம்பியின் பழைய லேப்டாப். ஒன்று, ஒன்று, ஒன்று என்று சொல்லிக்கொண்டே போனேன். நாலாவது படிவத்தில் அவள் முகம் மாறியது. ஆனாலும் ஏற்றி முடித்து மேடத்துக்கு அனுப்பினாள். மறுநாள் மேடத்திடமிருந்து போன் வந்தது.

“முப்பது பேரா, ஒரே ஆளான்னு கேக்குறாக” என்றாள். “மறுபடியும் வாங்கணுமாம். பத்து நாள்தான் இருக்கு. விட்டா ஒரு வருஷம் போச்சு.”

மூத்தவர் சொல்ல எல்லாரும் அடித்ததைச் சொன்னேன்.

“அங்கன யாரு யாரு இருந்தாக?”

“சவாரி ஆளுகளும் இருந்தாக.”

“அவுக முன்னால வச்சா கேட்டீக?” என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. புதுப் படிவங்களை ஒவ்வொரு கவரில் போட்டுக் கொடுத்தாள். மலைக்கு மேலே, வண்டி காலியாக நிற்கும்போது, தனித்தனியாகக் கொடுக்கச் சொன்னாள். ஒட்டித்தான் திருப்பி வாங்க வேண்டும்.

அப்படியே செய்தேன். இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை. வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்கள். மூத்தவர் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, மேலே இன்னொரு தாளும் சுற்றிக் கொடுத்தார். கேலிக்காரன் நாலு நாள் வைத்திருந்தான்.

“பிரிச்சுப் பாத்த, கொன்னுருவேன்” என்று சொல்லித்தான் கொடுத்தான்.

அந்த நாட்களில் அவள் மற்ற பக்கங்களைச் சரி செய்தாள். பல்கலைக்கழகம் விதிமுறைத் தாள் ஒன்று அனுப்பியிருந்தது. இடது பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும், பைண்டிங்குக்கு. மற்ற மூன்று பக்கமும் ஒரு அங்குலம். அட்டவணையின் தலைப்பு மேலே, படத்தின் தலைப்பு கீழே. மாதிரிக்கு எடுத்த பிரிண்டில் பக்கம் பக்கமாக மகளின் ஸ்கேலை வைத்து நான் அளந்தேன். எட்டாம் பக்கத்தில் கால் அங்குலம் குறைந்தது. சொன்னேன். சரி செய்தாள். அந்த வேலை எனக்கு நன்றாக வந்தது.

இருபத்தொன்பது கவர் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தோம். கவர்களைக் குலுக்கிக் கலைத்துவிட்டு அவளே பிரித்தாள். நான் எண்ணைச் சொன்னேன், அவள் ஏற்றினாள். மூன்று, ஐந்து, நான்கு, ஐந்து. யாருடையது என்று தெரியவில்லை. தினமும் டீ குடிக்கிற ஆட்கள்தான். வாசிக்கும்போது என் குரல் கொஞ்சம் தணிந்துவிட்டது.

மதியத்துக்குள் இருபத்தொன்பதும் முடிந்தது.

“உங்களோடது?” என்றாள்.

“பழசையே போட்டுக்க.”

“அது ஸ்டாண்டோடது. உங்களோடது எங்க?”

“நீயே அடிச்சுக்க. உனக்குத் தெரியாததா?”

“தெரிஞ்சா எதுக்குக் கேக்குறேன்? நான் அடிச்சா அது பொய்.”

ஒரு தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போனாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் மூடுபனி. ஒரு வளைவில் பின் சக்கரம் ஓரத்தை விட்டு இறங்கிவிட்டது. வண்டியில் ஆட்கள் ஏதோ கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கும் தெரியாது. முதல் கியரில் மேலே ஏற்றிவிட்டேன். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எழுந்து உட்கார்ந்தால் நெஞ்சு எரிச்சல் என்று அவளிடம் சொல்வேன். சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுப்பாள். குடித்துவிட்டுப் படுப்பேன்.

இருபத்தைந்தும் அடித்தேன். உள்ளபடி.

அவள் வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். தாளுக்குக் கை நீட்டவில்லை.

“வாசிங்க.”

மற்றவர்களுடையதைப் போலவே வாசித்தேன், கேள்வி எண்ணும் கட்டமுமாக. ஒன்று, நான்கு. இரண்டு, ஐந்து. மூன்று, நான்கு. ஒன்பதாவது கேள்வி, தூக்கம் கலைந்து எழுவது. ஐந்து என்றேன். தட்டுகிற சத்தம் கேட்கவில்லை.

“அப்ப நெஞ்செரிச்சல் இல்லையா?”

“இல்ல.”

“மழைக்குப் பெறகா?”

“ஆமா.”

“ம். பத்து?”

பத்திலிருந்து இருபத்தைந்து வரை சொன்னேன். ஏற்றினாள். சாப்பிட்ட பிறகு எங்கே, எந்த வளைவு என்று கேட்டாள். சொன்னேன். அவள் அழவில்லை. வேலையை விடச் சொல்லவும் இல்லை. மூடுபனி விழுந்தால் மேலேயே தங்கிவிட்டு விடிந்ததும் இறங்கச் சொன்னாள். சரி என்றேன்.

முப்பதும் சேர்ந்ததும் பழைய சராசரி எல்லாம் மாறிவிட்டது. நாலாம் அத்தியாயத்தை மறுபடி அடித்தாள். ஒரு அட்டவணை பாதி இந்தப் பக்கம், பாதி அடுத்த பக்கம் என்று விழுந்தது. இழுத்து ஒரே பக்கத்தில் வைத்தாள். அதனால் பொருளடக்கத்தில் பக்க எண்கள் நகர்ந்தன. நான் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சரி பார்த்தேன். கடையில் பிரிண்ட் போட்டபோது தமிழ் எழுத்து எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அவர்கள் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லை. வீட்டுக்குப் போய் வேறு மாதிரி மாற்றிக் கொண்டுவந்தாள்.

நன்றியுரையில் என் பெயர் இருந்தது. எடுக்கச் சொன்னேன்.

“ஏங்க?”

“முப்பதுல ஒருத்தன் யாருன்னு தெரிஞ்சுபோகும்ல.”

எடுத்துவிட்டு, ஸ்டாண்டின் எல்லா டிரைவர்களுக்கும் என்று போட்டாள். கடைசி நாளுக்கு முந்தின நாள் மேடம் கையெழுத்துப் போட்டார். கறுப்பு அட்டை, பொன் எழுத்து. மூன்று பிரதி. இரண்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்று வீட்டில்.

ஸ்டாண்டில் எல்லாரும் பார்க்கவேண்டும் என்றார்கள். கொண்டுபோனேன். கேலிக்காரன்தான் முதலில் வாங்கினான். நாலாம் அத்தியாயத்தைப் பிரித்தான்.

“ஏலே, பாதிப் பேருக்கு மேல தூக்கம் இல்லையாம்லே. யாருலே அது?”

ஆளுக்கு ஒரு திசையில் பார்த்தார்கள். என் வண்டிதான் முதல் நடை. உள்ளே ஏறியிருந்த ஆட்கள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அதுல நான் ஒருத்தன்” என்றேன்.

“ஏப்பா, ஆளுக இருக்காகப்பா” என்றார் மூத்தவர் மெதுவாக.

படியில் ஒரு கால் வைத்திருந்த ஒரு அம்மா அப்படியே நின்று என்னைப் பார்த்தார்.

“அப்ப மெதுவாத்தான போவீக?”

“மெதுவாத்தான் போவேன் ஆத்தா.”

“அப்பச் சரி” என்று ஏறி உட்கார்ந்தார்.

ஒரே ஒரு ஆள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பின்னால் நின்ற கேலிக்காரனின் வண்டிக்குப் போனார். அவன் புத்தகத்தை மூடினான்.

“எனக்கும் தூக்கம் வராதுண்ணே. நீங்க பஸ்ஸுக்கு நில்லுங்க” என்றான்.