மாயவன் கோட்டு போட்ட பேனர்

கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸ் என்றால் ஜெயசுதாவுக்கு உயிர். சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். செத்துக் கிடக்கும் லேப்டாப்பில் அதைப் போட்டதும் திரை விழித்துக்கொள்வதை எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு அலுக்காது. முகம் தெரியாத யார் யாரோ வருஷக்கணக்கில் உழைத்து எழுதி, எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்களே என்று நினைத்தால் புல்லரிக்கும்.

ஊர்தான் அசைந்து கொடுக்கவில்லை. கடை இடம் அண்ணன் அஜித்குமாருடையது. "ஆடி முடியறதுக்குள்ள பத்து பேராச்சும் அத வெச்சிக்கினு இருக்கணும். இல்லன்னா இங்க நான் மொபைல் கடை போட்டுருவேன்," என்று கறாராகச் சொல்லிவிட்டான்.

'முற்றிலும் இலவசம்' என்று நோட்டீஸ் அடித்தாள். வினையே அதுதான். "சும்மா குடுக்கறாங்கன்னா உள்ள இன்னாமோ இருக்குது," என்று ஆட்கள் ஒதுங்கிப் போனார்கள். "இப்ப இருக்கறதும் நமக்கு ஓசிதானேம்மா," என்றார் உரக்கடைக்காரர். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் திருட்டு சிடியிலிருந்து ஏற்றிக்கொண்ட ஊரிடம் இலவசத்தைப் போய் விற்க முடியுமா?

ஒருநாள் காதுகுத்து பேனர் ஒன்றின் முன் கூட்டம் நின்றது. எழுத்தை ஒருவரும் படிக்கவில்லை; எந்த மூஞ்சி எந்த வீட்டு ஆள் என்றுதான் தேடினார்கள். ஜெயசுதாவுக்குச் சுரீர் என்று உறைத்தது. அதுவரை லினக்ஸ் போட்டுக்கொண்டவர் ஒரே ஒருவர், வெள்ளிமலைக்கு அப்பால் மலைக் கிராமம் ஒன்றில் மரவள்ளி போடும் மாயவன். மகள் மலர்விழியின் பழைய லேப்டாப்பைத் தூக்கி வந்தவர். அவர் படத்தைக் கேட்டு வாங்கி பேனர் வைத்தாள். 'கெட்டுப்போன லேப்டாப் ஓடுது. சாட்சி: மாயவன்.' அச்சடித்தவர் கேட்காமலே அவருக்குக் கோட்டும் மாட்டிவிட்டார்.

மூன்று வாரம் ஓடியது. கடைப்படி ஏற ஆளில்லை. ஆடி கடைசி நாள் அஜித்குமார் கண்ணாடி அலமாரிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது மாயவன் வந்தார். செருப்பை வெளியே விட்டு, வாசலிலேயே நின்றார்.

"தப்பு பண்ணிட்டேங்க."

"இன்னா ஆச்சுங்க?"

"எங்க ஊருலேர்ந்து சந்தைக்கு எறங்கனவங்க பேனர பாத்துட்டு, இன்னா மாயவா அதுன்னு கேட்டாங்க. பரண்ல கெடந்த லேப்டாப்ப எல்லாம் எடுத்தாந்துட்டாங்க. மலரு நீங்க போட்டதயே பென்டிரைவுல எடுத்து எல்லாத்துலயும் ஏத்திக் குடுத்துச்சு. படம் போட்டு மருவாதி பண்ண உங்களுக்கே திருட்டு வேல பண்ணிட்டேன்."

"எத்தினி பேருக்கு?"

"முப்பத்தொரு வூடு."

அளவு டேப் அண்ணன் கையிலிருந்து சுருண்டு விழுந்தது. ஜெயசுதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கால் படாத மலையில் அது தானாக ஏறியிருக்கிறது.

"அது திருட்டு இல்லீங்க. யாரு வேணா எடுத்து யாருக்கு வேணா குடுக்கலாம். அதுக்குன்னே எழுதி வெச்சிருக்காங்க."

நம்பாமல் அவளை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். அப்புறம்தான் கடைக்குள் வந்து உட்கார்ந்தார்.

"அப்ப ஆத்துக்கு அந்தாண்ட ஊருக்கும் போட்டுக் குடுக்கட்டுங்களா? அவங்களும் கேட்டுக்கினே கீறாங்க."