ஜன்னல் பக்கம் முடிந்த வார்னிஷ்

ஆளில்லாத வீடுகளில்தான் அவருக்கு வேலை. கட்டில், பீரோ, சோபா எல்லாம் வெளியேறி, குடும்பமும் உறவினர் வீட்டுக்குப் போன பிறகே மிஷினோடு உள்ளே நுழைவார். மரத்தரை போடுவதும், பழைய மரத்தரையைத் தேய்த்துப் புதிதாக்குவதும் அவர் தொழில். வார்னிஷ் காய்ந்ததும் அந்தக் குடும்பம் திரும்பி வரும். குழந்தைகள் காலுறையோடு சறுக்கி விளையாடும். அதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்போது அவர் வேறொரு காலி வீட்டில் இருப்பார்.

மிஷின்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். உப்புத்தாள் சுற்றிய உருளை அடியில் சுழல, அந்தப் பெரிய மிஷினைப் பிடித்தபடி சுவரிலிருந்து சுவர்வரை நடக்க வேண்டும். நடக்கும்போது உருளை பலகையைத் தொடலாம். நின்றால் தொடக்கூடாது, தொட்டால் அந்த இடத்தில் பள்ளம் விழுந்துவிடும். சுவர் வந்ததும் கைப்பிடியை அழுத்தி உருளையைத் தூக்கிவிட வேண்டும்.

அதன் இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. உப்புத்தாள் வாங்கப் போனால் கடைக்காரர் கத்துவார்: “அண்ணே, உங்ககிட்ட ஒரு ரகசியம் சொல்லணும்னா தெருவையே காலி பண்ணிட்டுத்தான் சொல்லணும்!” கடையே சிரிக்கும். அவரும் சிரிப்பார், பாதி புரியாமல்.

முன்பெல்லாம் அவர் தனியாள் இல்லை. பெரிய மிஷின் எட்டாத சுவரோரங்களுக்குச் சின்னதாக ஓர மிஷின் ஒன்று உண்டு. முழங்காலில் துணியைக் கட்டிக்கொண்டு, தரையோடு தரையாகக் குனிந்து அதை ஓட்டியவள் அவர் மனைவி. அந்த இரைச்சலில் புருஷனைக் கூப்பிட அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. அவர் சுவரருகே போய் உருளையைத் தூக்கும் நொடிக்காகக் காத்திருந்து, வாசலோர சுவிட்சை அணைப்பாள். மிஷின் மெல்ல அடங்கும். அவர் திரும்புவார். அவள் கையில் தேநீர் இருக்கும். எத்தனையோ வருடம் அப்படி அழைத்தாள்; ஒருமுறைகூடத் தரையில் கீறல் விழுந்ததில்லை.

ஒரே ஒருமுறை அவள் காத்திருக்கவில்லை.

அன்று உருளை தரையில் இருக்கும்போதே மிஷின் நின்றது. பளபளவென்று வந்துகொண்டிருந்த கூடத்தின் நட்டநடுவில், கரண்டியால் தோண்டியதுபோல ஒரு பள்ளம்.

“கண்ணு தெரியலையா உனக்கு? தூக்கினப்புறம்தானே அணைக்கணும்! தரையே போச்சே!”

அவள் வாசலில் போனைக் கையில் பிடித்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பார்க்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, விரலால் பள்ளத்தின் ஆழத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது வாசல் காலியாக இருந்தது.

மகளுக்கு வயிற்றில் இருந்த குழந்தை தங்கவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போன் அது. அம்மா மகளிடம் ஓடினாள். ஓடியவள் அங்கேயே இருந்துவிட்டாள். மகள் தேறிய பிறகும் வரவில்லை.

“என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலையே, அந்த மனுஷன்” என்று மட்டும் மகளிடம் சொன்னாளாம்.

அந்தப் பள்ளத்தை அவர் அன்றே தேய்த்துச் சரி செய்துவிட்டார். தரையைச் சரி செய்ய அவருக்குத் தெரியும். அது மட்டும்தான் தெரியும், பாவி மனுஷனுக்கு! அதற்குப் பிறகு ஓர மிஷினை அவர் எந்த வேலைக்கும் எடுத்துப் போகவில்லை. சுவரோரங்களைக் கையாலேயே தேய்த்தார். வீட்டு மூலையில் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, துணியால் மூடி வைத்திருந்தார். இரவில் அந்த மூலையைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் மகளிடமிருந்து போனில் செய்தி வந்தது. அம்மா டாக்டரைப் பார்க்க நாளைக்கு அவர் ஊருக்கு வருகிறாள், சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவாள், நடுவில் அப்பாவிடம் ஏதோ பேசவேண்டுமாம், எங்கே வேலை என்று கேட்டிருந்தாள். முகவரியை அனுப்பிவிட்டு அவர் மாலைவரை மிஷினை நிறுத்தவே இல்லை. தேய்க்கிற வேலை அன்றே முடிந்தாக வேண்டும். நாளைக்கு வார்னிஷ் மட்டும்தான். சத்தமே இல்லாத வேலை.

ஆனால் மறுநாள் காலையில் வேறு பயம் பிடித்துக்கொண்டது. தெருப் புழுதி ஈர வார்னிஷில் ஒட்டிவிடும் என்பதால் கதவைச் சாத்தித்தான் ஆகவேண்டும். கதவைத் தட்டினால் அவருக்குக் கேட்காது. உள்ளேயிருந்து பதில் வராவிட்டால் அவள் நிற்க மாட்டாள். ‘இப்பவும் திரும்பிப் பார்க்கலை’ என்று நினைத்துக்கொண்டு போயே விடுவாள். அதற்கப்புறம் வரவே மாட்டாள். தாழ்ப்பாள் போடாமல் கதவை வெறுமனே சாத்தி வைத்தார். அப்போதும் மனம் ஆறவில்லை.

கூடத்தின் ஒரு கோடியில் கதவு, மறுகோடியில் தெருமுனையைப் பார்த்த, கம்பி போட்ட ஜன்னல். இந்தத் தொழிலில் முதல் நாள் வேலைக்கு வந்தவனுக்குக்கூடத் தெரியும், வார்னிஷை ஜன்னல் பக்கம் ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து கதவில் முடிக்க வேண்டும் என்று. அவர் கதவில் ஆரம்பித்தார். ஒரு இழுப்பு, ஜன்னல் பக்கம் ஒரு பார்வை. இன்னொரு இழுப்பு, இன்னொரு பார்வை. கால்கள் தாமாகவே ஜன்னலை நோக்கிப் பின்வாங்கின.

முதுகு ஜன்னல் கம்பியில் இடித்தபோது அவள் தெருவில் வந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். கையில் ஒரு பை. சுவரில் எழுதியிருந்த வீட்டு எண்ணை நின்று படித்தாள். ஜன்னலை அவள் கவனிக்கவில்லை. அவர் சந்தோஷத்தில் கதவை நோக்கித் திரும்பினார்.

அப்போதுதான் தெரிந்தது. சுவருக்குச் சுவர் கண்ணாடிபோல மின்னிக்கொண்டு கிடந்தது ஈரத் தரை. அவர் நிற்க மட்டும் ஒரு துண்டு இடம் பாக்கி.

தட்டிய வேகத்தில் கதவு தானாகத் திறந்தது. அவள் அவரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். எங்கே நிற்கிறார் என்று பார்த்தாள். என்னவோ சொன்னாள், உதடு அசைந்தது, ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. பிறகு கையை லேசாக உயர்த்தி, சரி, வேலையைப் பாருங்கள் என்பதுபோல ஆட்டிவிட்டுத் திரும்பினாள்.

அவர் தரையில் இறங்கி நடந்தார்.

செருப்பு ஒவ்வொரு அடியிலும் ஒட்டி, பிய்த்துக்கொண்டு வந்தது. கூடத்தின் நடுவே ஒரு செருப்பு நின்றுவிட்டது. அதை எடுக்கவில்லை. குனியக்கூட இல்லை. ஒற்றைச் செருப்போடு வாசலுக்கு வந்து அவள் முன்னால் நின்றார்.

“என்ன விஷயம்? சொல்லு.”

அவள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். “ஏங்க, தரை...”

“கிடக்கட்டும். நீ சொல்லு.”

“இதை அன்னைக்குக் கேட்டிருக்கணும்.”

“ஆமா. கேட்டிருக்கணும்.” அவர் ஒரு அடி கிட்டே வந்தார். “இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு, உன் வாயைப் பார்த்தாத்தான் எனக்குப் புரியும்.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். “டாக்டர் சொல்லிட்டாருங்க. எனக்கும் காது போகுதாம். எல்லாம் அந்த ஓர மிஷின் பண்ணின வேலை.”

“என்னது?”

“காது போகுதாம்!” என்று கத்தினாள். “பொண்ணு வீட்டுல எல்லாரும் மெதுவாப் பேசுறாங்க. என்னைப் பத்திப் பேசுறாங்களா, காய்கறியைப் பத்திப் பேசுறாங்களான்னுகூடத் தெரியலை. அத்தனை பேர் நடுவுல ஒத்தையா உட்கார்ந்திருக்கேன்!”

அவர் வாசற்படியில் தூசியைக் கையால் துடைத்து இடம் செய்தார். அவள் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அந்த நாளை அவள் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அவர் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சொல்லி முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தாள். “மொத்தமும் மறுபடி தேய்க்கணும்.”

“தேய்ச்சாப் போச்சு.”

“ஓரமெல்லாம்? அந்த மிஷின் இருக்கா, தூக்கிப் போட்டுட்டீங்களா?”

“எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன்.”

“என்ன?”

“எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன்னு சொன்னேன்!”

யாரோ புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து, தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.