விரலில் கேட்ட 'ம'

சென்ற வாரம் விழுப்புரத்திலிருந்து காலை ரயிலில் அண்ணன் வந்தார். திண்டிவனத்தில் என் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "ஒங்க அண்ணி போய்ட்டாம்மா" என்றார். தனலட்சுமி அண்ணியை ரயில்வே குடியிருப்பில் அறிந்தவர்கள் பலர். அவர்கள் அறியாத ஒன்றை நான் சொல்ல வேண்டும்.

யுத்தத்துக்கு முந்தைய காலம். என் மகள் மரகதத்துக்கு நாலு வயதில் கடும் காய்ச்சல் வந்தது. தேறியபின் கூப்பிட்டால் சில சமயம் திரும்புவாள், பல சமயம் திரும்பமாட்டாள். பிடிவாதம் என்றார்கள் வீட்டில். எனக்கு மனம் அடங்கவில்லை. அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

அண்ணி அவளுக்குச் சிலேட்டில் 'அ' போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டின் பின்னால் நின்ற எஞ்சின் திடீரென்று ஊதியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். மரகதத்தின் பலப்பம் நிற்கவே இல்லை. எழுத்தை முடித்துவிட்டு அண்ணியைப் பார்த்துச் சிரித்தாள்.

அண்ணி என் கையைப் பிடித்தார். "கொழந்தைக்குக் காது கேக்கலம்மா."

போன காது இனித் திரும்பாது என்றார் டாக்டர். வழியெல்லாம் அழுதேன். "இனிமே எழுத்து எதுக்கு அண்ணி?"

"இப்பத்தான் வேணும். தெரிஞ்ச பேச்சையும் மறந்துகினே வருது பாரு. ஜல்தியா புடிச்சி நிறுத்தணும்."

நாங்கள் அண்ணன் வீட்டிலேயே தங்கினோம். அண்ணி தினமும் சன்னலோரம் வெளிச்சத்தில் உட்காருவார். 'ப' எழுதி, குழந்தையின் உள்ளங்கையைத் தன் உதட்டருகே வைத்துச் சொல்வார், காற்றுப் படும். 'ம' என்றால் அவள் விரலைத் தன் மூக்கின் மேல் வைப்பார், அதிரும். குழந்தையும் முயல்வாள். வெறும் மூச்சுத்தான் வரும். நான் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். 'தண்ணி' என்ற சொல் போயிற்று. 'மாமா' போயிற்று.

"ஒங்களுக்குப் பயமா இல்லியா அண்ணி?"

"பயந்துகினுதான் இருக்கேன். கொழந்த எதிர்ல காட்ட முடியுமா? என் மூஞ்சியத்தான படிக்குது அது."

மழை தொடங்கிய பிறகு ஒரு பகலில், சிலேட்டில் இருந்த 'அம்மா'வைத் தொட்டு, தன் மூக்கில் விரலை வைத்து, கரகரத்த குரலில் மரகதம் படித்தாள். பிறகு அடுப்படிக்கு ஓடிவந்து என்னைப் பார்த்து மறுபடி சொன்னாள். அண்ணி சுவரில் சாய்ந்து அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

இன்று மரகதம் பத்திரிகை படிக்கிறாள். கடைக்குப் போனால் தானே பேசுகிறாள். சில சொற்களில் தடுக்கி நிற்பாள். நானே சொல்லிவிட நாக்குத் துடிக்கும். அண்ணி ஒருநாளும் அவளை முந்திக்கொண்டு சொன்னதில்லை. சொல் வரும்வரை முகம் மாறாமல் காத்திருப்பார். அண்ணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஆனாலும் காத்திருக்கிறேன்.