வலதுபக்கம் மேலே

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். பெண் பிள்ளையின் சட்டை என்றால் வலதுபக்கத் துணி மேலே வரவேண்டும், ஆண் பிள்ளை என்றால் இடதுபக்கம். கோயிலடித் தையல் வகுப்பில் சிஸ்டர் அடிமட்டத் தடியால் விரல் மொளியில் தட்டித் தட்டிச் சொல்லித் தந்த பாடம் அது. மற்ற எல்லாவற்றிலும் எனக்குச் சந்தேகம்தான். அடுப்பை நிறுத்தினேனா, கோழிக்கூட்டைப் பூட்டினேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்த ஆள் நான்.

மலேசியாவில் இருக்கும் தம்பி, மனைவியையும் மகளையும் முதல் தடவையாக அல்லைப்பிட்டிக்குக் கூட்டி வருவதாகப் போன் எடுத்தான். மச்சாள் சீனப் பெண். அவர்களுடைய வருடப்பிறப்பு எங்கள் வீட்டில் இருக்கும்போதுதான் வருகிறதாம். கலியாணம் கட்டிய பிறகும் அந்த நாளில் தாய் வீட்டில் நிற்கத் தவறாத பிள்ளை, இந்த வருடம்தான் நிற்கமாட்டாள். "அவ ஒண்டும் சொல்லேல்லை அக்கா. ஆனா யோசிக்கிறா போலை கிடக்கு" என்றான்.

எனக்குக் கவலைப்பட இது காணாதா? அன்றைக்கே முடிவெடுத்தேன். அந்த நாளில் தம்பியின் மகளுக்கு அவர்களுடைய உடுப்பு தைத்துப் போடுவது. மச்சாளின் தாய்க்காரி போனில் பார்க்கும்போது பேத்தி சீன உடுப்போடு நிற்பாள். எனக்கோ இங்கிலிஷும் வராது, சீனமும் வராது. மெசின் மட்டும் வரும்.

தம்பி மச்சாள் வீட்டுப் பழைய படம் ஒன்று அனுப்பினான். சிவப்பு உடுப்பு, நிமிர்ந்த கொலர், கழுத்திலிருந்து கமக்கட்டு வரைக்கும் சரிந்து போகிற திறப்பு, பொத்தானுக்குப் பதில் கயிற்று முடிச்சில் தெறிகள். போட்டிருந்த பிள்ளைக்குச் சட்டி கவிழ்த்து வெட்டியது போலத் தலைமயிர். உற்றுப் பார்த்தேன். இடதுபக்கம் மேலே கிடந்தது. சரிதான், இது மச்சாளின் தமையனாக இருக்கும், பெடியன் உடுப்பு என்று விளங்கிக்கொண்டேன். பழைய பேப்பரில் வெட்டிய அளவை மறுபக்கம் திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான் வேலை. அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் கவலையே படவில்லை.

பட்ட கவலைகளெல்லாம் வேறு. பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போய்த் துணி பார்த்தபோது நல்ல சிவப்புச் சாட்டின் ஒன்று கிடைத்தது. ஆனால் அதிலே டிராகன் என்கிற பறவை நாகம் ஓடியது. எங்கள் வேதக்கோயிலில் மிக்கேல் சம்மனசு என்ற தேவதூதர் காலால் மிதித்துக்கொண்டு நிற்பதை நாங்கள் பிள்ளையின் நெஞ்சில் ஏற்றலாமா? பூப்போட்டதை வாங்கி வந்தேன். பிறகு கொலர் கழுத்தை இறுக்குமோ என்று பயந்து இரண்டு விரல் கூட்டி வெட்டினேன். தையல் மடிப்புகள் பிள்ளைக்கு உரசுமோ என்று பயந்து, மாம்பழ மஞ்சளில் சின்னச் சிவப்புப் பூப்போட்ட என் வொயில் சேலையைக் கிழித்து முழுக்க உள்துணி கொடுத்தேன். ஒரு மடிப்பு வெளியே தெரியாது. உள்ளும் புறமும் ஒரே துப்புரவு.

முடிச்சுத் தெறி எனக்கு வரவில்லை. மீன்வலை பொத்துகிற என் மனுசனிடம் போனில் படத்தைக் காட்டினேன்.

"இஞ்சாரும், இதென்ன, சீனாவிலை மீன் சட்டை போடுறதோ?"

"பகிடியை விட்டிட்டுக் கட்டுங்கோ."

"கட்டிறன். கழண்டா என்னைக் கேக்கக்கூடாது. கழராட்டியும் கேக்கக்கூடாது, பிள்ளை சட்டையோடைதான் குளிக்கவேண்டி வரும்."

அது உண்மையாகவே நடக்கலாம் என்று எனக்கு அன்று முழுவதும் யோசனை.

அவர்கள் வந்தார்கள். மச்சாளுக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது. ஆனால் அதில் முக்கால்வாசி ஒரே வசனம்: "நல்லா இருக்கு அக்கா." மீன் குழம்புக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது, நல்லா இருக்கு அக்கா. தலையணை, நல்லா இருக்கு. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு என்று ஊரே சொல்லும், அதுவும் நல்லா இருந்தது. எங்கள் பக்கத்தில் குறை சொல்லாமல் சாப்பிடுகிறவர் வழிப்போக்கர். வீட்டு ஆள் என்றால் உப்புக் காணாது என்பார்.

"அவளுக்கு இஞ்சை பிடிக்கேல்லைப் போலை" என்றேன் மனுசனிடம்.

"நல்லா இருக்கெண்டுதானே சொல்லுறா."

"அதுதான் சொல்லுறன்."

வருடப்பிறப்பு விடிந்தது. காலைச் சாப்பாடு முடிந்ததும் உடுப்பை எடுத்து மச்சாளின் மடியில் வைத்தேன். அவள் வாயில் கையை வைத்தாள். கொலரைத் தடவினாள், முடிச்சைத் தடவினாள். சரிந்த திறப்பில் விரல் நின்றது. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"நல்லா இருக்கு அக்கா" என்றாள். மெதுவாக மடித்தாள். மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"போடன் பிள்ளைக்கு" என்றேன்.

"பிறகு அக்கா."

"தம்பி, என்னெண்டு கேள்" என்றேன். அவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். தம்பி என் முகத்தைப் பார்க்காமல் முகட்டைப் பார்த்தான்.

"ஒண்டுமில்லை அக்கா, விடு."

"சொல்லன்ரா!"

கடைசியில் மச்சாளே சொன்னாள். "அக்கா, கோவம் வேணாம். திறப்பு இந்தப் பக்கம் வரணும். எல்லாருக்கும். ஆம்பிள்ளை, பொம்பிள்ளை, எல்லாம். வலதுபக்கம் மேலே வந்தா..." சொல்லைத் தேடினாள். "செத்த ஆள். பெட்டியிலே வைக்கிற ஆள். அம்மா பார்த்தா அழுவாங்க."

"அப்ப படத்திலை நிண்ட பெடியன்?"

"அது நான் அக்கா."

மனுசன் வலையைக் கீழே போட்டார். "இவ்வளவு காலமும் பயந்து பயந்து இருந்தா. பயப்படாத இடத்திலை விழுந்திட்டாவே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளைக்குச் சவ உடுப்பு. சிஸ்டரின் அடிமட்டம் இன்னொரு தடவை மொளியில் விழுந்தது போல இருந்தது. வேறு துணியும் இல்லை. மத்தியானம் தாய்க்காரியோடு கதைப்பதாக ஏற்பாடு. ஒன்றும் யோசிக்காமல் உடுப்பைப் பறித்துக்கொண்டு மெசினடிக்குப் போனேன். பிரித்தாவது பார்ப்போம் என்று, பிரிக்கிற பழக்கத்தில் உட்புறத்தை வெளியே திருப்பினேன்.

கத்தரிக்கோல் கையிலேயே நின்றது. உட்புறம் வெளியே வந்ததும் திறப்பு மற்றப் பக்கம் போய்க் கிடந்தது.

"மச்சாள், இஞ்சை ஓடியாரும்!"

அவள் வந்து பார்த்தாள். தோள்களைப் பிடித்து உயர்த்திப் பார்த்தாள். மாம்பழ மஞ்சள் வொயில், ஒரு நூல்கூடத் துருத்தாமல். கொலர் ஓரத்தில் மட்டும் சிவப்பு எட்டிப் பார்த்தது.

"உயிரோட இருக்கு அக்கா" என்றாள்.

இரண்டு பேருமாக இருந்து முடிச்சுகளை வெட்டி மறுபக்கம் தைத்தோம். அவள் ஊசியை அகப்பை பிடிப்பது போலப் பிடித்தாள். அவள் தைத்ததைத் தெரியாமல் பிரித்துத் திரும்பத் தைத்தேன். தெரியாமல் என்றுதான் நான் நினைத்தேன்.

"அக்கா, நான் பார்த்தேன்" என்றாள்.

மத்தியானம் போனில் தாய்க்காரி தெரிந்தார். பிள்ளை சுற்றிச் சுற்றி ஆடிக் காட்டினாள். அந்தம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுக ஏதோ சொன்னார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னவாம்?" என்றேன் மச்சாளிடம்.

"மஞ்சள் நல்லதாம். கொலர் ரொம்பப் பெரிசாம். ஆடு கூட நுழையுமாம்."

மனுசன் சிரித்த சிரிப்பில் கோழிகள் கூட்டைவிட்டு ஓடின.

அடுத்த நாள் காலை குசினிக்குள் மச்சாள் வந்து சட்டி மூடியைத் திறந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"அக்கா, இன்னைக்கும் மிளகாய்த்தூள் இவ்வளவா? என்னால முடியாது. தலையணையும் கல்லு."

"ஓம் மச்சாள்" என்றேன். சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூள்தான் கண்ணில் பட்டுவிட்டது என்று அவள் தண்ணீர் எடுத்து வந்து தந்தாள். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "இதுவும் உவர்ப்பு, இல்லையா?" என்றேன்.

"ரொம்ப" என்றாள்.