புர்கியின் காத்திருப்பு டிராம்

புர்கிக்குக் காலில் சக்கரம் என்று சொன்னால் அவளுக்கே கோபம் வராது. பிறந்ததே மாதம் நிறைவதற்கு முன்னால்தான். ஓட்டலில் பரிமாறப் போனாள். சாப்பிடுகிறவர் கரண்டியைக் கீழே வைப்பதற்குள் தட்டை உருவிவிடுகிறாள் என்று துரத்திவிட்டார்கள். கடைசியில் இந்த மலைமேட்டு டிராம்தான் அவளைக் கட்டிப்போட்டது. கட்டிப்போட்டது என்ன கட்டிப்போட்டது, அதுவும் ஓடுகிற வண்டியாயிற்றே! ஞானஸ்நானப் பெயர் நோட்புர்கா. அதை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை அவள் நின்றதில்லை. அதனால் ஊருக்கெல்லாம் புர்கி.

அப்படிப்பட்டவளிடம் போய், வருஷத்திலேயே மிக மெதுவாக ஓட்ட வேண்டிய வண்டியைக் கொடுத்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் ஓடும் காத்திருப்பு வண்டி. எங்கள் டிரோல் மலையில் மரத்தை ஜோடித்துப் பரிசு வைப்பவர் குழந்தை இயேசு. அவரைப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது. அதனால் அப்பாக்கள் பிள்ளைகளை டிராமில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அம்மாக்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு மரத்தோடு மல்லுக்கட்டுவார்கள். வேலை முடிந்த வீட்டின் மேல்மாடி ஜன்னலில் சிவப்பு விளக்கு ஏறும். டிராம் போகிற பாதையிலிருந்து சரிவு முழுக்கத் தெரியும். எல்லா ஜன்னலும் சிவந்த பிறகுதான் வண்டி ஸ்டேஷனுக்குள் நுழையலாம். அதுவரை கோவில் வளைவுக்கும் காட்டு முனைக்கும் நடுவே போய்ப் போய் வர வேண்டியதுதான். விளக்கு சங்கதி பெரியவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த வருஷம் புர்கி தன் வீட்டு ஜன்னலை நினைத்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தாள். எப்போதும் அவள் வீட்டு மரத்தை ஜோடிப்பவன் புருஷன் ஃப்ளோரியன். பனிச்சறுக்கு லிஃப்டில் வேலை பார்க்கும்போது விழுந்து காலை முறித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தான். வேறு வழியில்லாமல் நாத்தனார் ஹெட்விக்கிடம் போய் நின்றாள். அந்த ஹெட்விக் பழைய ரொட்டியை ஊறவைத்துப் பிடித்து வேகவைத்த ரொட்டி உருண்டையைப் பார்த்து, "இதை வச்சு வீடே கட்டலாம் போல" என்று விருந்தில் எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்தவள் இதே புர்கிதான்.

"பாக்கலாம் அண்ணி" என்றாள் ஹெட்விக். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெறும் ஒரு மரத்துக்கா இத்தனை பதற்றம் என்று கேட்கலாம். புர்கி சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே வண்டியிலிருந்து, நிற்பதற்குள் குதித்து வீட்டுக்கு ஓடியவள். கதவு இடுக்கில் பார்த்தால் அம்மா முக்காலிமேல் ஏறி, வாயில் நூலைக் கடித்துக்கொண்டு, மரத்தில் பிஸ்கட் கட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், அதோடு அவளுக்குக் குழந்தை இயேசு முடிந்துபோனார். தன் எட்டு வயது மகள் லெனிக்காவது இன்னும் ஒரு வருஷம் மிஞ்சட்டும் என்று தவித்தாள். அந்த லெனி ஓட்டுநர் இடத்துக்குப் பின்னாலேயே, கையில் சூடான ஆப்பிள் சாற்றோடு உட்கார்ந்திருந்தாள்.

பதற்றத்தில் கை தானாகவே வேகத்தைக் கூட்டியது.

"ஏம்மா புர்கி, எங்க தீப்பிடிச்சிருக்கு?" என்று பின்னாலிருந்து கத்தினார் ரொட்டிக்கடை ஆலோய்ஸ். "என் வீட்டுக்காரி இன்னும் கதவுத் தாழையே திறந்திருக்க மாட்டா. இப்ப உள்ள போனேன், என்னைத்தான் அலங்காரம் பண்ணுவா!"

அப்பாக்கள் சிரித்தார்கள். பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். முனைக்கு முனை புர்கி இறங்கி, கூரைமேல் மின்கம்பியைத் தொடும் கொம்பைக் கயிற்றால் இழுத்துத் திருப்பி, வண்டியை ஓட்டும் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு மறுகோடிக்கு ஓடினாள். ஒவ்வொரு தடவையும் கண் மட்டும் சரிவிலேயே கிடந்தது. கோவில்காரர் வீட்டில் விளக்கு ஏறிவிட்டது. தபால்காரர் வீட்டில் ஏறிவிட்டது. ஆலோய்ஸ் வீட்டிலும் சிவந்தது. அவள் வீட்டு மேல்ஜன்னல் மட்டும் கறுப்பாகவே நின்றது.

இன்னொரு சுற்று போனாள். பிறகு இன்னும் ஒன்று.

"இப்ப என்னடி, எருமை மாதிரி நகருற?" என்றார் அதே ஆலோய்ஸ். "எல்லாந்தான் ஆச்சே! பொடிசுங்க குளிர்ல நடுங்குது, பாரு."

கைக்குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. தன் ஒரு ஜன்னலுக்காக ஊரையே வண்டியில் அடைத்து வைப்பதா? ஹெட்விக் வரவில்லை. அன்றைக்கு விருந்தில் வாயைக் கொஞ்சம் அடக்கியிருந்தால் வந்திருப்பாள். புர்கி வண்டியை ஸ்டேஷனுக்குள் விட்டாள்.

திபுதிபுவென்று எல்லாரும் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய ஆலோய்ஸ் சரிவைப் பார்த்துவிட்டு, "அட, உன் வீட்ல இன்னும்..." என்று ஆரம்பித்தார். லெனியைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, தொப்பியை இழுத்துவிட்டு நடையைக் கட்டினார்.

லெனி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"இறங்குடி, போலாம்."

"வேணாம்மா. இன்னொரு சுத்து போலாம்."

"எதுக்கு?"

"நம்ம வீட்டு ஜன்னல்ல இன்னும் விளக்கு வரலையே."

புர்கிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கு... உனக்கு யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. போன வருஷம் நீதான் ஒவ்வொரு தடவையும் அந்த ஜன்னல்களையே பாத்துக்கிட்டிருந்த. நானும் பாத்தேன்." லெனி ஆப்பிள் சாற்றை உறிஞ்சினாள். "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா. பாவம், அவருக்குக் கஷ்டமா இருக்கும்."

யாரிடமிருந்து மறைக்க இத்தனை ஓட்டம் ஓடினாளோ அவளுக்கே தன் கண்ணால் காட்டிக்கொடுத்திருக்கிறாள்! புர்கி கைப்பிடியை மாட்டினாள். காலி வண்டி காட்டை நோக்கி நகர்ந்தது. வாழ்நாளிலேயே அவ்வளவு மெதுவாக அவள் எதையும் ஓட்டியதில்லை. திரும்பும் வழியில் லெனி அவள் முதுகைத் தட்டினாள். "வந்திடுச்சு!"

வீட்டில் ஹெட்விக் அடுப்படியில் ஒளிந்திருந்தாள். அடுப்பில் ரொட்டி உருண்டைகள் வெந்துகொண்டிருந்தன.

"இதைப் பிடிச்சு முடிக்கத்தான் நேரமாச்சு. இன்னிக்கு நீங்க ரெண்டு சாப்பிடணும் அண்ணி" என்று கிசுகிசுத்தாள்.

"நாலு சாப்பிடறேன்" என்றாள் புர்கி.

குழந்தை இயேசு வந்துபோனதற்கு அடையாளமாக உள்ளே மணி ஒலித்தது. கதவைத் திறந்தார்கள். மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஊன்றுகோலில் தொங்கியபடி ஃப்ளோரியன் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லெனி இரண்டு கன்னத்திலும் கையை வைத்துக்கொண்டாள். "அய்யோ அப்பா! அவர் வந்துட்டுப் போயிட்டாரா? நீங்க பாத்தீங்களா?"

"நானா? நான் தூங்கிட்டேன்டா கண்ணு" என்றான் ஃப்ளோரியன். பிறகு புர்கியின் காதருகே குனிந்தான். "பாத்தியா? இவ நம்பிக்கை இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்."

புர்கி நிமிர்ந்து பார்த்தாள். மரத்துக்கு மறுபக்கத்திலிருந்து லெனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாங்கும்" என்றாள் புர்கி.