உயிரோடு ஒரு ஓங்கில்

டேயான் கரையில் கணவனோடு ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவள் ஒக்டான். நீரோட்டத்துக்கு எதிரே வாயைத் திறந்துவைத்து, நங்கூரம் போட்டு நிறுத்துகிற பெரிய பை வலை அவர்களுடையது. கணவாய் மீன்களைத் துரத்தி வரும், டால்ஃபின் போன்ற ஓங்கில்களும் அதில் புகுந்து, மூச்சுவிட மேலே வர வழியில்லாமல் உள்ளேயே செத்துப்போகும்.

ஒவ்வொன்றையும் அவள்தான் வலையிலிருந்து தூக்கிப் போடுவாள். செத்த பிறகும் சிரிக்கிற வாய் அதற்கு. ஆனால் உயிரோடு ஒன்றைக்கூட அவள் கிட்டத்தில் பார்த்ததில்லை. முதுகில் துடுப்பு கிடையாது, துள்ளவும் துள்ளாது, கண்ணில் படுமுன் முங்கிவிடும். உயிரோடிருக்கும்போது அந்தச் சிரிப்பு எப்படியிருக்கும் என்ற ஏக்கம் அவளுக்குள் வருஷக்கணக்காகக் கிடந்தது.

ஒரு வசந்தத்தில் மீன்வளத்துறையிலிருந்து ஹேரின் என்ற பெண் வந்தாள். வலைக்குள் சாய்வாகத் தடுப்பு கட்டி, மேலே திறப்பு வைத்தால் ஓங்கில் தப்பிவிடும், மீன்கள் மட்டும் தடுப்பின் கண்ணி வழியே உள்ளே போய்விடும், செலவு அரசாங்கத்துடையது என்றாள்.

"வலை விரிக்கிறது பிடிக்கவா, ஜன்னல் வச்சு வழியனுப்பவா?" என்றான் கணவன் கிபோங்.

"செலவு அவங்களுது. உனக்கு எங்கய்யா வலிக்குது?" என்றாள் ஒக்டான்.

திறப்பருகே கேமராவும் கட்டினார்கள். கோடையில் ஹேரின் லேப்டாப்பில் படத்தை ஓட்டிக் காட்டினாள். கலங்கல் தண்ணீரில் ஒரு சாம்பல் உருவம் வந்து தடுப்பில் முட்டியது, மேலே ஏறியது. வால் ஒருதரம் அசைந்தது. அவ்வளவுதான்.

"மூஞ்சி எங்க கண்ணு?"

"தெரியலம்மா. வெளிய போயிருச்சு."

"இன்னொரு தடவ போடு."

அவள் கேட்கக் கேட்க ஹேரினும் போட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுவருஷம் நிதி நின்றுபோனது. ஹேரின் வரவில்லை, கேமராவையும் கழற்றிக்கொண்டு போனார்கள். திறப்பு வழியாகக் கணவாயும் கொஞ்சம் நழுவுகிறதென்று மற்ற படகுக்காரர்கள் தங்கள் வலைகளில் இருந்ததைத் தைத்து மூடினார்கள். கிபோங்கும் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"மூடாதய்யா."

"கேமராவும் போச்சு. இனி நீ வாலக்கூடப் பாக்கப்போறதில்ல. மாட்டிச்சுன்னா தொட்டாவது பாக்கலாம்."

"செத்ததத் தொட்டுத் தொட்டுக் கை மரத்துப்போச்சு. என் கண்ணுல படாட்டிப் போவுது, எங்கயாவது இருக்கட்டும்."

அவன் முனகிக்கொண்டே ஊசியைப் பெட்டியில் போட்டான்.

அந்த இலையுதிர்காலம் அவர்கள் வலையில் ஓங்கில் எதுவும் சாகவில்லை. கணவாய் குறைவுதான். ஒருநாள் மதியம், வலையை இழுத்து முடித்ததும், கிபோங் தானாகவே இஞ்சினை நிறுத்தினான்.

"என்னய்யா ஆச்சு?"

"சத்தம் கேட்டா ஓங்கில் வராதாம். கொஞ்ச நேரம் பாரு."

அவள் படகின் விளிம்பில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எதுவும் வரவில்லை. அவன் அவசரப்படுத்தவுமில்லை.