பசறை பஸ்ஸில் ஒரு கூடை

பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கங்காணி இருந்தார். மடியில் வெள்ளைத் துணி மூடிய கூடை. ஒவ்வொரு வளைவிலும் அதைப் பிள்ளைபோல அணைத்துக்கொள்வார்.

"கோயில் பிரசாதமா?" என்றேன்.

"இல்லைங்க, எங்க தோட்டத்து லயவீட்டு ஆளுங்களோட மலம்!" தேயிலை மலையில் கூவிப் பழகிய குரல், பஸ் முழுக்கக் கேட்டது. "கொடல்ல புத்துநோய் இருக்கான்னு ஆஸ்பத்திரியில பாப்பாங்க. கொண்டுபோக அவங்களுக்கு வெக்கம். எனக்கென்னங்க வெக்கம்?"

முன்சீட்டும் பின்சீட்டும் காலியாயின. அவர் சந்தோஷமாகக் காலை நீட்டிக்கொண்டார்.

பதுளை நெருங்கியபோது கண்டக்டர் வந்து அவரிடம் குனிந்தார். "அண்ணே, எங்கப்பாவுக்கும் வெளிக்குப் போனா ரத்தம் வருது. யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கிறாரு."

கங்காணி அவர் தோளில் கைபோட்டு ஏதோ பதில் சொன்னார். பக்கத்தில் இருந்த எனக்கே அது கேட்கவில்லை.